நீங்கள் அனுப்பிய வீடியோவில் இருப்பது பறை இல்லை

கேள்வி இதுதான்: “வாட்ஸப்பில் முப்பது வினாடி வீடியோ ஒன்று வந்தது. ஒருவர் வட்டமான தோல் வாத்தியத்தைக் கையால் அடிக்கிறார், பெண் வேடம் கட்டிய இரண்டு பேர் ஆடுகிறார்கள். ‘மாஸ் பறை’ என்று தலைப்பு. அதைக் கேட்டதிலிருந்து சினிமாப் பாட்டே சலித்துவிட்டது. தமிழில் நாட்டுப்புற இசையையும் இண்டி இசையையும் எங்கே தேடுவது? நிகழ்ச்சி நடக்கிற தகவல் எப்படிக் கிடைக்கும்? யார் யாரைக் கேட்கலாம்?”

முதலில் அந்த வீடியோ. அது பறை இல்லை, மகுடம். பறைக்கு இரண்டு குச்சி உண்டு. வலக்கையில் கட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சுண்டுகுச்சி. மகுடத்துக்கு வெறுங்கைதான். கூடவே பெண் வேடத்தில் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்றால் அது கணியான் கூத்து. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைகளில் நடப்பது (அந்தப் பக்கம் சாமிக்கு எடுக்கும் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர்). கணியான் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கலை. முன்னால் நின்று கதை பாடுகிறவர் அண்ணாவி. அவர் விட்ட இடத்தில் எடுத்துப் பாடப் பின்பாட்டுக்காரர் இருப்பார். மகுடம் இரண்டு: ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். ஹெட்போன் போட்டு அந்த வீடியோவை இன்னொரு தடவை கேளுங்கள். படத்தில் ஒரு மகுடம்தான் தெரிகிறது. ஆனால் ஒன்று துள்ளிக்கொண்டு போக, இன்னொன்று அடியில் உறுமிக்கொண்டே வருவது காதில் விழும். இரண்டாவது ஆள் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. ‘மாஸ் பறை’ என்று ஆயுசுக்கும் தேடினாலும் நீங்கள் அந்த அண்ணாவியிடம் போய்ச் சேரமாட்டீர்கள். ‘மகுடம்’, ‘கணியான் கூத்து’, ‘சுடலைமாடன் கொடை’ என்று தேடினால் இன்று ராத்திரிக்குள் பத்து மணி நேரம் கேட்க ஆள் கிடைப்பார்கள். நாட்டுப்புற இசை ரசிகர்களுக்குள் தகவல் நகர்வது பெயரால்தான்: வாத்தியத்தின் பெயர், ஊரின் பெயர், பாடுகிறவர் பெயர். அது கழன்று விழுந்துவிட்டால் பாட்டு அனாதை.

வெறுமனே ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டால் என்ன வரும் தெரியுமா? கீபோர்டில் தாளம் போட்டு ஸ்டுடியோவில் பாடிய மாமன், மச்சான், அத்தை மகள் பாட்டுகள். எனக்கு அவற்றின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. சிலது நன்றாகவே இருக்கும், பஸ்ஸில் கேட்கத் தோதானவை. ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. நான் வாத்தியம், ஊர், சாமி மூன்றையும் சேர்த்துத் தேடுவேன். ‘வில்லுப்பாட்டு முத்தாரம்மன் கதை’ என்று போடுங்கள். ‘உடுக்கடிப் பாட்டு அண்ணமார்’ என்று போடுங்கள். ‘நையாண்டி மேளம் தஞ்சாவூர்’ என்று போட்டால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுரு, தாளம் என்று முழு செட்டும் கரகாட்டத்துக்கு வாசிப்பது வரும். ஒரு எச்சரிக்கை: ‘கரகாட்டம்’ என்று தனியாகப் போட்டுவிடாதீர்கள். வருவதில் பாதி ரெக்கார்ட் டான்ஸ், மீதிப் பாதி கலைஞர்களைக் கேவலப்படுத்துகிற தலைப்பு.

இவற்றை ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து எடுக்கும் வீடியோக்காரர்கள். ஐந்து மணி நேரக் கொடையை வெட்டாமல் அப்படியே போட்டிருப்பார்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டாது. முதல் அரை மணி நேரம் ‘ஹலோ, மைக் டெஸ்ட்டிங்’கும், வரி கொடுத்தவர்கள் பெயரும், சிவப்பு மாருதியை நகர்த்தச் சொல்லும் அறிவிப்பும்தான். பொறுமையாகத் தள்ளிவிடுங்கள். மிக்ஸரிலிருந்தே ஒலியை எடுத்திருந்தால் அதைவிடச் சுத்தமான நாட்டுப்புறப் பதிவு உங்களுக்கு எந்தக் கம்பெனியிடமும் கிடைக்காது. வில்லுப்பாட்டில் வீசுகோல் நாணில் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் சிணுங்குவது, பானையின் வாயில் மட்டை விழும்போது வரும் அந்த ‘கும்’, எல்லாம் கேட்கும். ஸ்டுடியோவில் பதிவு செய்தால் மணியைத் தனியாகப் பிரித்துத் துடைத்து வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், நிகழ்ச்சித் தகவல். இதில் இரண்டு உலகம் இருக்கிறது.

ஒன்று, ஊர்த் திருவிழா. இதற்கு டிக்கெட்டும் கிடையாது, இணைய அறிவிப்பும் கிடையாது. தென் மாவட்டக் கொடைகள் பங்குனியில் சூடு பிடித்து வைகாசி வரை போகும். ஆடியில் மறுபடி தொடங்கும். நோட்டீஸ் அடித்த அன்றே ஊர் இளைஞர்கள் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறார்கள். அந்த நோட்டீஸைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேலே சாமி படம், நடுவில் நாள் வாரியாக நிகழ்ச்சி, பக்கவாட்டில் வரிதாரர் பெயர்கள். ‘இரவு 12 மணி, சாமக்கொடை’ என்ற வரிக்குப் பக்கத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கும்: ‘கணியான் கூத்து’ அல்லது ‘வில்லிசை’ என்று போட்டு, கீழே குழுவின் பெயரும் ஊரும். எந்தப் பாடகரைப் பிடிக்கிறதோ அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் எந்த நோட்டீஸில் அது வருகிறது என்று பாருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணம் போன்ற இசை நாடகங்களுக்கும் இதே கதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்கும் நாடக நடிகர் சங்கங்கள், அமைப்பாளர்கள், சுவர் போஸ்டர். எனக்குத் தெரிந்த ஒருவர் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போஸ்டரைப் படம் எடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறார். எங்கள் வாட்ஸப் குழுவின் முக்கால்வாசிச் செய்தி அவர் ஒருத்தருடையது.

இன்னொன்று, நகர மேடை. சென்னை சங்கமம் 2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023ல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு அரசு விழாவாக மறுபடி வந்தது. பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும், அனுமதி இலவசம். ஒரே சாயங்காலத்தில் தேவராட்டமும் தப்பாட்டமும் பார்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்ச நேரம்தான். விடிய விடிய நடக்கும் கலையை இருபது நிமிடத்தில் பார்ப்பது சாப்பாட்டில் ஊறுகாயை மட்டும் நக்குவது மாதிரி என்று நான் சொல்வேன். ஆனாலும் போங்கள். ஊறுகாய் பிடித்தால் எந்த ஊருக்குச் சாப்பிடப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் ஆசானிடம் பேசினால் அடுத்த திருவிழா எந்த ஊரில் என்று அவரே சொல்லிவிடுவார். டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ 2020ல் தொடங்கியது. சபாக்கள் கச்சேரி நடத்தும் அதே மாதத்தில் பறை, கானா, ஒப்பாரி எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். பெசன்ட் நகர் கடலோரத்தில் மீனவர் குப்பத்துக்குள்ளேயே நடக்கத் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும் உண்டு. அது 2015ல் ஆரம்பித்தது, பின்னால் ‘சென்னை கலைத் தெரு விழா’ என்று பெயர் மாறியது.

யாரைக் கேட்கலாம்? என் வரிசை ஒரு பக்கச் சார்பானது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

குரலுக்கு, கொல்லங்குடி கருப்பாயி. ‘ஆண் பாவம்’ (1985) படத்தின் பாட்டி என்றுதான் பலருக்குத் தெரியும். படத்துக்கு முன்பே அவர் வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். சுருதிப் பெட்டிக்குக் கட்டுப்படாத குரல் எப்படித் தன் இடத்தில் உறுதியாக நிற்கும் என்பதை அவர் பாட்டில் கேட்கலாம். சேகரிப்புக்கு, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவரும் கணவரும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் டேப் ரிக்கார்டரோடு அலைந்து சேர்த்த பாடல்கள் நிறைய. மேடையில் அவர் பாட்டுக்கு முன்னால் அது எந்த வேலைக்கு, யார் பாடுவது என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவார். அதையும் விடாமல் கேளுங்கள். பறைக்கு, மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானின் சமர் கலைக்குழு; அவருக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவையும் பாருங்கள். தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்து 1990லிருந்து ஆடிவருகிறார்கள். சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டதை, அதுவும் பெண்கள், மேடையில் வைத்து அடித்தபோது அது என்ன மாதிரியான செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொங்குப் பக்கம் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பன். 2024ல் பத்மஸ்ரீ பெற்றபோதுதான் சென்னைக்காரர்கள் பலர் அந்தக் கும்மியின் பெயரையே கேட்டார்கள்.

உடுக்கடிப் பாட்டு என்றால் ஒரு பழைய பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965ல் கொங்கு நாட்டில் அண்ணமார் (பொன்னர், சங்கர்) கதை முழுவதையும் டேப்பில் எடுத்தார். 18 இரவு. பாடியவர் ராமசாமி என்ற உடுக்கைக் கலைஞர். இந்தப் பதிவைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டு ஆய்வாளர் பெயரைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ராமசாமி பெயரைச் சொல்வதில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறை பல வருடமாகத் தென் மாவட்டக் கலைகளைப் பதிவு செய்துவருகிறது. அந்தப் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள்.

இண்டிக்கு வருகிறேன். இந்தச் சொல் இப்போது கொஞ்சம் குழம்பிக் கிடக்கிறது. படத்தில் வராத பாட்டு எல்லாம் இண்டி என்கிறார்கள். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ (2024) படத்தில் வரவில்லை, உண்மை. ஆனால் அதை வெளியிட்டது சினிமா இசையில் ஊறிய ஒரு பெரிய நிறுவனத்தின் இண்டிப் பிரிவு. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது வேறு விஷயம், எனக்குப் பிடிக்கும். ஆனால் தானே எழுதி, தானே காசு போட்டுப் பதிவு செய்து, எந்த விளம்பரமும் இல்லாமல் விடுகிறவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அது வேறு ஜாதகம். பாட்டெழுதிப் பாடுகிற கபேர் வாசுகியில் தொடங்குங்கள். ‘அழகு புராணம்’ தொகுப்பைக் கேளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017ல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வரிகளும் அவருடையவை. அவரும் டென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’ குழு, ராப் பாடகர் அறிவும் ஆஃப்ரோவும் 2019ல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பு, தர்புகா சிவாவும் அந்தோணி தாசனும் இருந்த ‘லா பொங்கல்’ குழு. மலேசியா பக்கம் யோகி பி - நட்சத்ரா 2006ல் போட்ட ‘வல்லவன்’ தொகுப்பு. தமிழ் ராப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது.

இண்டி ஏதோ யூட்யூப் வந்த பிறகு பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கைத் தமிழர்கள் எழுபதுகளிலேயே ‘பொப்’ பாட்டு போட்டுவிட்டார்கள். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் எந்தப் படத்துக்காகவும் பிறக்கவில்லை. கடல் தாண்டி வந்து இங்கே கல்லூரி ஹாஸ்டல்களில் பாடப்பட்டன. அப்போதைய பகிர்வு என்பது கேசட்டுக்குக் கேசட் ஏற்றிக் கொடுப்பது. எங்கள் வீட்டில் இருந்த நகலில் ‘சுராங்கனி’ முடிகிற இடத்தில் யாரோ ஒரு பெண் “சாப்பிட வா” என்று கூப்பிடுவது பதிந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டு முடிந்ததும் அந்தக் குரலைக் காது எதிர்பார்க்கிறது.

நாட்டுப்புறமும் இண்டியும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறை மேடையேறியது. பத்தொன்பது பேர், கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, கிட்டார், டிரம்ஸ். அயோத்திதாசர் பயன்படுத்திய ‘சாதி இல்லாத தமிழர்’ என்பதிலிருந்து எடுத்த பெயர். அதில் பாடிய இசைவாணி 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய பெண். அந்தக் குழுவைக் கேட்டுவிட்டு அப்படியே பின்னால் போங்கள், வட சென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் கானாவுக்கு. மேடைக் கானாவைவிட அது மெதுவானது, நீளமானது.

பெயர் கழன்று விழுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அதற்குப் பெரிய உதாரணம் ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வந்தது, பாடகி தீயும் மேலே சொன்ன அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய கதை அதற்குள் இருக்கிறது என்று அறிவு சொல்லியிருக்கிறார். அந்த வருடம் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பெரிய சர்ச்சையானது, பின்னர் அறிவை வைத்தும் ஓர் அட்டை வந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற தகராறுக்குள் நான் போகவில்லை. உலகமே பார்த்த பாட்டுக்கே இந்த நிலைமை என்றால், முந்நூறு பேர் பார்த்த கொடை வீடியோவில் பாடுகிற அண்ணாவிக்கு என்ன ஆகும்? யாராவது அந்தத் தாளத்தை எடுத்து ரீல்ஸில் போடுவார்கள், ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று போட்டவர் பெயர் வரும். ‘பாரம்பரியப் பாடல்’ என்று போடுகிறார்களே, அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். பாதி நேரம் அதை எழுதியவர் பக்கத்து ஊரில் உயிரோடு இருப்பார்.

அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். பாடியவர் யார், எந்த ஊர், என்ன வாத்தியம், எங்கே எடுத்தது: தெரிந்ததை எழுது, தெரியாததற்கு ‘தெரியாது’ என்று எழுது. ‘தெரியாது’ என்று போட்டால்தான் யாராவது தெரிந்தவர் வந்து சொல்வார். ஒருமுறை ஒரு தாலாட்டுக்கு ‘தெரியாது’ என்று போட்டு மூன்று மாதம் கழித்து, “அது எங்க பெரியம்மா” என்று ஒரு தம்பி எழுதினார். அந்த அம்மாவுக்குத் தன் பாட்டு எங்கள் குழுவில் சுற்றுவதே தெரியாது.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. ஆனால் அங்கே பணம் பேபால் வழியாகப் போவது, பேபாலோ இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பணப் பரிமாற்றச் சேவையை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது வசதி. நமக்கு நேராகக் கேட்டு ஜிபேயில் போடுவதுதான் எளிது. நாட்டுப்புறக் கலைஞர் என்றால் உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுங்கள். பேரம் பேசாதீர்கள், குழுவில் எட்டுப் பேர் இருப்பார்கள், வேன் வாடகை தனி.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன், சொல்கிறேன். சில வருடம் முன்பு தாமிரபரணிக்கரை ஊர் ஒன்றின் கொடைத் தேதியைப் பெரிய குழு ஒன்றில் நானே போட்டேன். சாமக்கொடைக்கு நாற்பது பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் சோறு போட்டார்கள். நடுச்சாமத்தில் கைவெட்டுச் சடங்கு வந்தது. கணியான் தன் கையைக் கீறி ரத்தம் சிந்தும் நேரம் அது. ஊர் முழுக்க மூச்சை அடக்கி நிற்கிறது. எங்கள் ஆட்கள் நான்கு பேர் செல்போன் லைட்டை அவர் முகத்துக்கு நேராக அடித்தார்கள். ஒரு பெரியவர் வந்து என் தோளைத் தொட்டு, “அண்ணாச்சி, உங்க ஆளுகளக் கொஞ்சம் வெளிச்சத்த அணைக்கச் சொல்லுங்க, சாமி நிக்கி” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதற்குப் பிறகு கொடைத் தேதியைப் பொதுவில் போடுவதில்லை. கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், ஊரில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து.

நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் வருவதாக இருந்தால் ஆடி மாதம் வாருங்கள், எழுதிவிட்டு வாருங்கள். அதற்குள் அந்த வீடியோவை உங்களுக்கு யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று இரண்டு படி பின்னால் போய்க் கேளுங்கள். பின்னணியில் ஒரு டியூப்லைட் வளைவும், ‘புரம்’ என்று முடியும் பாதிப் பெயர்ப் பலகையும் தெரிகின்றன. எங்கள் குழுவில் நான்கு பேர் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாவி பெயர் இன்னும் பிடிபடவில்லை.